வெளிவராத ரூல்ஸும் வெளியூர் ரைட்டர்ஸும்

ஆகஸ்ட் 4, 2025

நாங்க பண்ற புது டேபிள்டாப் ஆர்பிஜிக்கு (ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு, டேபிள சுத்தி உக்காந்து ஆடற கதை விளையாட்டு) அட்வென்ச்சர், அதாவது ஆடறதுக்கான கதை, எழுத ஃப்ரீலான்ஸர்ஸ் கிடைச்சாச்சு, மணிலால ஒருத்தர், லீட்ஸ்ல ஒருத்தர், திருச்சில ஒரு பொண்ணு. எல்லாரும் என்டிஏ, அதாவது வெளிய சொல்லமாட்டோம்ங்கற ஒப்பந்தம், கையெழுத்து போட்டு அனுப்பிட்டாங்க. ஆனா ரூல்ஸ முழுசா குடுக்கறதுக்கு பப்ளிஷர் யோசிக்கறாங்க, காம்பாட் (சண்டை) சாப்டர் மட்டும் போதுமாம். எனக்கு சம்மதமே இல்ல, இப்போதைக்கு அதான் போகுது.

ஆகஸ்ட் 13

நெனச்சது நடந்துருச்சு. திருச்சிப் பொண்ணு எழுதின சதுப்புநிலப் பேய் படிக்கவே அவ்ளோ நல்லாருக்கு, நாணல் நடுவுல கை மட்டும் வந்து கணுக்கால பிடிக்கும், பிடிச்சா ஸ்நேர்டு. ஸ்நேர்டுன்னா நகர முடியாது, அவ்ளோதான்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க, எங்க ரூல்ல ஒவ்வொரு டர்னும் ஸ்டாமினாவும் சேந்து குறையும், அது இருக்கறது கண்டிஷன்ஸ் சாப்டர்ல, அதத்தான் நாம குடுக்கவே இல்லையே. லெவல் ஒன் கேரக்டர் ரெண்டே ரவுண்டுல காலி. இதுல அவங்க தப்பு என்ன இருக்கு?

ஆகஸ்ட் 14

மீட்டிங்ல பழைய கதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். லீக் பயம் நியாயம்தான், 2008 ஜூன்ல டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற பிரபல ஆர்பிஜி) நாலாவது எடிஷன் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிஎஃப் நெட்ல சுத்துச்சு. ஆனா அதே வருஷம் இன்னொண்ணும் நடந்துச்சு. மத்த பப்ளிஷர்ஸ் ரூல்ஸ முன்கூட்டி பாக்கணும்னா என்டிஏவோட 5,000 டாலர் கட்டணும்னு டி அண்ட் டி போடற விஸார்ட்ஸ் கம்பெனி ஜனவரில சொன்னாங்க, மத்தவங்க அதுக்கு புக் போடறதுக்கான லைசென்ஸ் இழுத்துக்கிட்டே போச்சு, அடுத்து என்ன அச்சடிக்கறதுன்னு தெரியாம காத்திருந்த பைஸோ, டி அண்ட் டிக்கு அட்வென்ச்சர் போட்டுட்டிருந்த பப்ளிஷர், மார்ச்ல பாத்ஃபைண்டர்ங்கற சொந்த ஆர்பிஜிய அறிவிச்சு, ஆல்ஃபா (முதல் டிராஃப்ட்) ரூல்ஸ எல்லாருக்கும் ஃப்ரீயாவே குடுத்துட்டாங்க. கூட வேலை செஞ்சவங்களே போட்டிக்கு நின்னாங்க. லீக்கால வர்ற நஷ்டத்தவிட இது பெரிசுன்னு நான் உறுதியா நம்பறேன்.

ஆகஸ்ட் 18

ஒத்துக்கிட்டாங்க! முழு ரூல்புக், ஒவ்வொரு பக்கத்துலயும் வாங்கறவங்க பேர் வாட்டர்மார்க்கா இருக்கும். 2009-ல டி அண்ட் டியோட பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2 நெட்ல அப்லோடு ஆனப்போ வாட்டர்மார்க்க வச்சுத்தான் ஆளக் கண்டுபிடிச்சு கேஸ் போட்டாங்க, அதனால இது சும்மா பேருக்கு இல்ல.

ஆகஸ்ட் 21

திருச்சில இருந்து மெசேஜ், "அண்ணா, தம்பி செட்ட வச்சு ஒருதடவ ஓட்டிப் பாக்கலாமா?" கேட்டுட்டு செய்யறாங்க பாருங்க, அந்த ஒரு குணம் போதும். ஆடிப் பாக்காம ஃபைட் எவ்ளோ நேரம் இழுக்கும்னு யாருக்குத் தெரியும், அதனால அந்தப் பசங்களுக்கும் ஒரு பக்க என்டிஏ அனுப்பச் சொல்லிட்டேன், பதினெட்டு ஆகாதவங்க இருந்தா வேண்டாம்னும் சொன்னேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நாம ரூல்ஸ மாத்தினதால அவங்க திருப்பி எழுதற வார்த்தைக்கும் காசு குடுத்தாகணும். ரூல்புக்கோட மாத்தின 0.6 வெர்ஷன் திங்கக்கிழம அவங்களுக்கு போகுது, எந்தப் பக்கத்துல என்ன மாறிருக்குங்கற லிஸ்ட்ட முதல் பக்கத்துலயே வச்சாச்சு, காசு விஷயத்த அதுக்குள்ள பேசி முடிக்கணும்.