ஒரே வார்டில் மூன்று சின்னப்பையன்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். சில வருடங்களாகச் சிகிச்சையின் தரம், நோயாளிகளின் பாதுகாப்பு என்ற பொறுப்பும் என் தலையில்தான். ஃபைல், ஆடிட், மாதக் கூட்டம் என்று அது ஒரு தனி உலகம். கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்துவது வேறு பிரிவு. அதற்குத் தனி ஜீப், தனி ரிஜிஸ்டர், தனி ஆட்கள். இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டுமே உருப்படாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், டீ வந்துவிடும்.

மருந்து கொடுக்கும் முன் நோயாளியை இரண்டு அடையாளங்களால் உறுதி செய்ய வேண்டும் என்பது எந்த மருத்துவமனைக்கும் அரிச்சுவடி. படுக்கை எண்ணை அடையாளமாக எடுக்கக் கூடாது. ஆளை இடம் மாற்றினால் எண்ணும் மாறிவிடும். பெயரும் வயதும் கேட்கலாம். சேலம் டவுனில் இது பெரும்பாலும் போதும். மேலே அப்படி இல்லை. சேர்வராயன் சாமி பெயரும் காவேரியம்மன் பெயரும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. வெள்ளையன், ராமர், சின்னப்பையன் எல்லாம் எந்த வாரமும் வார்டில் இருக்கும் பெயர்கள். வயது கேட்டால், "அம்பது அறுவது இருக்குமுங்க." ஆதாரைப் பார்த்தால் பாதிப் பேர் ஜனவரி 1-ம் தேதி பிறந்திருப்பார்கள். அப்பா பெயரைக் கேட்டாலும் பயனில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் அதுவும் சுற்றிச் சுற்றி வரும்.

ஒரு காபி சீசனில் ஆண்கள் வார்டில் மூன்று சின்னப்பையன் இருந்தார்கள். ராத்திரி டூட்டி நர்ஸ் இன்சுலினை எடுத்துக்கொண்டு போய், "நீங்கதானே சின்னப்பையன்?" என்று கேட்டார். பெரியவர் "ஆமாங்க" என்றார். உண்மைதானே! பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த அம்மாதான், "அவருக்குச் சக்கரையே இல்லீங்களே சிஸ்டர்" என்று தடுத்தார். ஊசி போடவில்லை. நர்ஸ் அன்றைக்கே அதைத் தானாக எழுதிக் கொடுத்தார். அவருக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்று ஒருவர் கிளம்பினார். கொடுத்திருந்தால் அதோடு எங்கள் மருத்துவமனையில் யாரும் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். நல்லவேளை, தலைமை டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை.

கையில் கட்டும் பட்டையில் வண்ணம் வைக்கலாம், பார்கோடு வாங்கலாம் என்று கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னோம். தீர்வு முகாம் ஜீப்பில் போகும் பெண்ணிடமிருந்து வந்தது. அவர் மலையிலேயே பிறந்தவர். "ஊர்ல யாரும் வெறும் பேரைச் சொல்ல மாட்டோம் சிஸ்டர். எந்த ஊரு, யாரு வூட்டு ஆளுன்னுதான் கேப்போம்." அவ்வளவுதான். இப்போது பட்டையில் பதிவு எண்ணோடு ஊர் பெயர், வீட்டு அடையாளம் இரண்டும் உண்டு. செம்மநத்தம், மேல்வீடு என்பது போல. கேள்வியையும் மாற்றினோம். "நீங்கதானே" என்று தொடங்கவே கூடாது. மலை ஆட்கள் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் மறுத்துப் பேசுவது அபூர்வம். எதைக் கேட்டாலும் ஆமாம்தான். "உங்க பேரு என்னங்க, எந்த ஊரு, யாரு வூடு?" என்று கேட்டால் அவர்களே சொல்ல வேண்டியிருக்கும்.

பாம்புக்கடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காபிச் செடிக்குள் கையை விட்டுப் பழம் பறிக்கும்போது கடிபட்டு வருபவர்களை வருடாவருடம் பார்க்கிறோம். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. மலைச் செடிகளில் கிடக்கும் பச்சைக் குழிவிரியனின் விஷம் அதற்குக் கட்டுப்படாது. தேவையில்லாமல் போட்டால் அந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பி ரத்த அழுத்தத்தை இறக்கிவிடலாம். அதனால் முதலில் ஒரு சோதனை. 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். உறைந்துவிட்டாலும் விட்டுவிட முடியாது. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், விஷம் நரம்பைத் தாக்கி இமை சரிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒரு நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலிகூட இருக்காது.

எளிய சோதனைதான், ஆனால் கெடுவதும் எளிது. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் முடிவு தப்பு. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில், உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் போகலாம். அதனால் புதுக் கண்ணாடிக் குழாய்களைத் தனி டப்பாவில் வைத்து, வேறு எதற்கும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இதற்கு நடுவில் வாசலில் சத்தம் கேட்கும். "பாம்பு கடிச்சு வந்திருக்கான், ஊசி போடாம ஒக்கார வச்சிருக்கீங்களே!" அந்த நெருக்கடியில் டாக்டரே தடுமாறுவார். முகாம்களில் கண்ணாடிக் குழாயையே எடுத்துப் போய்க் காட்ட ஆரம்பித்தோம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டு வாருங்கள், வந்ததும் நாங்கள் இதைத்தான் செய்வோம் என்று. போன சீசனில் ஒருவரைத் தூக்கி வந்த ஆள் உள்ளே நுழையும்போதே, "சிஸ்டர், கொழாய் வச்சாச்சுங்களா?" என்று கேட்டார். எந்த ஆடிட்டரும் என்னை அவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

கீழே அனுப்புவது பற்றிச் சுருக்கமாக. சேலம் அரசு மருத்துவமனைக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஏற்காடு கோடை விழா நாட்களில் வண்டிகள் அடிவாரம் பக்கம் ஏறி, இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதையே நின்றது. எனவே நிறைமாதப் பெண்களின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் வாங்கி, சிக்கல் வரக்கூடியவர்களை வலி எடுக்கும் முன்பே இறக்கிவிடப் பார்க்கிறோம். எப்போதும் நடப்பதில்லை. வீட்டில் ஆடு இருக்கும், கோழி இருக்கும், சின்னப் பிள்ளை இருக்கும்.

மாத்திரைக் கதை ஒன்று பாக்கி. பறிப்பு மாதங்களில் சர்க்கரை இறங்கி மயங்கி வருபவர்கள் அதிகம். வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில் தெரிந்தது இது: உறையில் 'காலை' என்று எழுதிக் கொடுக்கிறோம், அவர்களும் ஒழுங்காகக் காலையில் போடுகிறார்கள். வெறும் கடுங்காபியோடு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கஞ்சி குடிக்கப் பத்து மணிக்கு மேலாகும். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை அதுவரை சும்மா இருக்குமா? இப்போது தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் உறையில் 'கஞ்சி குடிக்கும்போது' என்று எழுதுகிறோம். மருந்தகத்தில் இருப்பவருக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைச்சல். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு தூக்குவாளியை வரைந்து கொடுக்கச் சொன்னபோது இன்னும் முறைத்தார். ஆனால் நன்றாகவே வரைகிறார்.

முகாம் ரிஜிஸ்டரில் வந்தவர் எண்ணிக்கை, பார்த்த நோய், கொடுத்த மருந்து என்று பத்திகள் உண்டு. 'வார்டுக்குச் சொல்ல வேண்டியது' என்று இன்னொரு பத்தி கேட்டிருக்கிறேன். அச்சடித்த ரிஜிஸ்டர் இரண்டு வருடத்துக்கு ஸ்டாக் இருக்கிறதாம். அதுவரை ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.