மூடி வைத்த மாவு

"இத்தன ஆயிரம் பேரு சண்டைக்குப் போறாங்க அம்முணி, ஒருத்தன் காலு கூடக் கொப்புளிக்கலையே" என்று சொல்லி, அந்தத் தடித்த சரித்திர நாவலை என் மேசைமேல் வைத்தார். எடுத்துப் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

கோபிக்கும் சத்திக்கும் நடுவில் ஒரு கிளை நூலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். வாய்க்கால் பாயும் ஊர். காலையில் தினசரி படிக்க வருகிற பெரியவர்கள், பகலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், சாயங்காலம் இவர். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, காலிப் போசியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவார். ஊரில் அவருக்குப் பேர் மிலிட்டரிக்காரர். வெலிங்டனில் பயிற்சி எடுத்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பிறகு பல வருடம் ஒரு நூற்பாலையில் இரவுக் காவல், வயதான பின் மாடும் தோட்டமும். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். பேரும் ஊரும் போடாம எழுதிக்குங்க என்றார்.

பட்டாளத்தில் இருந்தவருக்கு வீரக் கதைதான் பிடிக்கும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆளைப் பார்த்ததும் அலமாரியைத் தீர்மானிக்கிற பழக்கம் எங்கள் வேலையில் சுலபமாக வந்துவிடும். நான் முதலில் எடுத்துக் கொடுத்த ஐந்தாறு புத்தகங்களும் வாள், குதிரை, வெற்றி முரசு. எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அவர் குறை சொல்கிற ஆள் கிடையாது. அன்றைக்கு அந்தக் கொப்புளத்தைப் பற்றிச் சொன்னதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. கல்லூரிக் காலத்தில் படித்த ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலைத் தேடி எடுத்தேன். அதில் ஒரு ஜோடி பூட்ஸ் வரும்.

ரெமார்க் முதல் உலகப் போரின்போது, பதினெட்டு வயதில் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டவர். 1917-இல் குண்டுச் சிதறல்கள் பட்டு மருத்துவமனைக்குப் போனார். போர்முனையில் இருந்தது சில வாரங்கள்தான். அதை எழுத அவருக்குப் பத்து வருடம் தேவைப்பட்டது. நாவல் 1929-இல் புத்தகமாக வந்தது. 1933-இல் நாஜிகள் அதை நெருப்பில் போட்டார்கள். அந்தக் கதையில் பெரிய அரசியல் பேச்சு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போருக்குப் போன பையன்களுக்கு உள்ளே என்ன ஆயிற்று என்பதுதான் இருக்கிறது. எரிக்கிற அளவுக்கு அதுவே அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

என்னிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. "நீங்க படிச்சுச் சொல்லுங்க அம்முணி, நான் கேட்டுக்கறேன்" என்றார். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தினமும் பத்து பதினைந்து நிமிடம் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

கெம்மெரிக் என்ற பையன் காலை வெட்டி எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருக்கிறான். பார்க்க வந்த கூட்டாளி முல்லருக்கு, கட்டிலடியில் இருக்கிற அருமையான பூட்ஸ் மேலேயே கண். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தயங்கியது. முல்லரை இவர் தப்பாக நினைத்துவிடுவாரோ என்று பயம். நான் விளக்குவதற்குள் அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "அவன் கெட்டவனில்லீங்க. நல்ல பூட்ஸு கெடைச்சா எடுத்துப் போட்டுத்தான் ஆவோணும். போட்டு நடக்கறப்பத்தான் கனம் தெரியும்."

போர்க் கதைகளைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வியட்நாமில் போரிட்ட அமெரிக்க எழுத்தாளர் டிம் ஓ'பிரையன் 1990-இல் ஒரு கதைப் புத்தகம் எழுதினார். முதல் கதையில் ஒவ்வொரு சிப்பாயும் முதுகில் சுமப்பதை ராத்தல் கணக்கில் எழுதிக்கொண்டே போவார். தலைக்கவசம், துப்பாக்கி, தண்ணீர். நடுவில் அவர்களுடைய அதிகாரிக்கு ஒரு பெண் எழுதிய கடிதங்கள், அவள் அனுப்பிய ஒரு கூழாங்கல். அவளையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் தன் ஆள் ஒருவன் சுடப்பட்டுச் செத்ததை அந்த அதிகாரியால் தாங்க முடியாது. கடிதங்களை எரித்துவிடுவான். குற்றவுணர்வு எரியாது. துக்கம் துக்கம் என்று பத்துத் தடவை எழுதுவதைவிட, ஒரு கூழாங்கல்லை வைத்து எழுதினால் நமக்குக் கை வலிக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நான் முல்லைப்பாட்டை எடுத்து நீட்டுவேன். நப்பூதனார் பாடியது, 103 அடி, பத்துப்பாட்டில் அதுதான் சின்னது. பாசறையில் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, இன்னொரு கையில் தலையைத் தாங்கி, வெகுநேரம் யோசித்துக்கொண்டிருக்கிறான். புண்பட்டுத் தன் பெண் யானைகளையே மறந்துபோன ஆண் யானை, செஞ்சோற்றுக் கடன் தீர்த்துச் செத்த வீரர்கள், அம்பு தைத்துத் தீனி எடுக்காமல் நிற்கிற குதிரைகள், இவைதான் அவன் நினைப்பில். உரையோடு சேர்த்து இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். குதிரை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "வலி எடுத்தா மாடு தீனியைத் தொடாதுங்க. காடியில வெச்சது வெச்சபடி கெடக்கும். பாத்துத்தான் எழுதியிருக்கறாரு." கொஞ்ச நேரம் கழித்து, "ராசாவுக்கே தூக்கமில்லீங்களா" என்றார். அன்றைக்கு அவர் முகம் கொஞ்சம் இளகினது மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி ரெமார்க். கதையைச் சொல்கிற பால் என்ற பையன் குண்டு விழுந்த பள்ளத்தில் பதுங்கியிருக்கும்போது, மேலே வந்து விழுந்த பிரெஞ்சுச் சிப்பாயைக் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. மணிக்கணக்காக மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறான். பாலே அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறான், காயத்துக்குக் கட்டுப் போடுகிறான். செத்த பிறகு அவன் பையைத் திறந்து பார்த்தால் மனைவியும் சின்னக் குழந்தையும் இருக்கிற படம். அச்சுக்கோப்பவன், பேர் ஜெரார்ட் துவால். உன் மனைவிக்கு எழுதுகிறேன் என்று பிணத்திடம் சத்தியம் செய்கிறான்.

"எழுதினானுங்களா?"

"இல்லீங்கய்யா."

"எழுத முடியாதுங்க" என்றார். அப்புறம் அலமாரியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். 1987-இல் யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப்படையில் அவர் இருந்திருக்கிறார். அது எனக்கு அன்றுவரை தெரியாது. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வீட்டைச் சோதனை போட உள்ளே போனதை மட்டும் சொன்னார். ஆள் யாரும் இல்லை. சமையல்கட்டில் ஆட்டாங்கல். குழியில் பாதி ஆட்டின மாவு, குழவி அப்படியே நிற்கிறது. மாவு ஓரத்தில் காய ஆரம்பித்து, ஈ மொய்த்திருக்கிறது.

"எங்கம்மா ஆட்டற கல்லாட்டவே இருந்துச்சு அம்முணி. செவுத்துல தமிழ்க் காலண்டரு. எனக்குக் காலு நவுரல. ஒரு வட்டலு கெடந்துச்சு, எடுத்து மூடி வெச்சுட்டு வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "திரும்பி வந்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. போசியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பது வருடமாக அவருக்குள் இருந்தது அந்த வட்டல். என்றைக்கோ செத்துப்போன ஓர் அச்சுக்கோப்பவனின் கதை வராமல் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நேராகக் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டார்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 1918 அக்டோபரில் பால் சாகிறான். அன்று முனையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை என்று ராணுவ அறிக்கை ஒரே வரியில் முடிந்துவிடும்.

அந்தச் சமயத்தில் அவருக்குக் காய்ச்சல். இரவல் புத்தகத்தைத் திருப்பித் தர அவர் வீட்டம்மா வந்தார். கூடவே பெரிய அரசாணிக்காய்க் கீற்று ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பேச்சுவாக்கில், காட்டோரத் தோட்டங்களில் ராத்திரி பன்றிக்கும் யானைக்கும் வெடி போட்டால் இவர் கட்டிலில் இருக்க மாட்டார், வாசலில் நிற்பார் என்றார். "மில்லுல ராத்திரி வேலைக்குப் போனதே அதுக்குத்தான் கண்ணு. எப்படியும் தூங்கறதில்ல. இன்னிக்கும் நான் தொட்டு எழுப்ப மாட்டேன், கால்மாட்டுல தள்ளி நின்னுதான் கூப்பிடுவேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வூட்டுல பத்து வார்த்தை பேச மாட்டாரு. இங்க வந்து அப்படி என்னதான் பேசறாரு?"

"கதையைப் பத்தித்தானுங்கம்மா. ஜெர்மன்காரப் பையன் ஒருத்தன், பட்டாளத்துக்குப் போன கதை."

"அந்தப் பையன் வூடு வந்து சேந்துட்டானா?"

"இன்னும் முடியலீங்கம்மா" என்றேன். "பாதிதான் ஆயிருக்குது."