நாக் ரூம் கட்டக் கத்துக்கிட்டது

எங்க கம்பெனில நாக் ரூம், அதாவது நெட்வொர்க்க 24 மணி நேரமும் கண்காணிக்கிற ரூம் கட்டலாம்னு முடிவானதும் முதல் மீட்டிங்ல பேசுனதெல்லாம் சுவத்துல எத்தனை டிவி மாட்டலாம்ங்கிறதுதான், கிளையண்ட் வந்தா காட்டணும்ல. ஆனா ராத்திரி 3 மணிக்கு அதப் பாக்க ஆள் வேணுமே. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருத்தர் 48 மணி நேரம் பாத்தாலும் ஒரே ஒரு சீட்டுக்கு மூணரை ஆள், லீவு, காய்ச்சல், தீபாவளி எல்லாம் சேத்தா அஞ்சு பேர் இல்லாம ஓட்ட முடியாது. இந்தக் கணக்க போர்டுல எழுதிக் காட்டுனதும் டிவி தானா குறைஞ்சிருச்சு.

அப்புறம் அலர்ட். ஒரு பிராஞ்ச் ரவுட்டர் விழுந்தா அதுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்விட்ச், வைஃபை, கேமரா எல்லாம் தனித்தனியா கத்தும், எது எதுக்குக் கீழ இருக்குன்னு டூலுக்குச் சொல்லிக் குடுத்தாதான் ஒரே டிக்கெட்டா, அதாவது ஒரே புகாரா வரும். சலிப்பான வேலை, ஆனா செஞ்சே ஆகணும்.

எனக்கு நிஜமா கண்ணத் தொறந்துவிட்டது ஃபேஸ்புக் கதைதான். 2021 அக்டோபர் 4, மெயின்டெனன்ஸ்ல குடுத்த ஒரு கமாண்டால அவங்க டேட்டா சென்டர்கள இணைக்கிற பேக்போன் மொத்தமும் துண்டாகி, சைட் பேர வச்சு அதோட ஐபி முகவரிய சொல்ற டிஎன்எஸ் போயி, உள்ள யூஸ் பண்ற டூல்ஸும் போச்சு, மெயின் நெட்வொர்க் விழுந்தாலும் உள்ள போறதுக்குன்னு தனியா வச்சிருந்த அவுட் ஆஃப் பேண்ட் வழியும் வேலை செய்யல, கடைசில டேட்டா சென்டருக்கு ஆளையே அனுப்ப வேண்டியதாப் போச்சு, அங்க செக்யூரிட்டி தாண்டி உள்ள போகவே நேரமாச்சு. ஆறு மணி நேரத்துக்கு மேல டவுன்.

அதப் படிச்சிட்டு எங்க டிசைன பாத்தா பகீர்னுச்சு. அலர்ட் மெயில் போற சர்வரு, ஐபி ஃபோனு, என்ன பண்ணணும்னு எழுதி வச்ச விக்கி, எல்லாமே நாங்க காவல் காக்கப்போற அதே நெட்வொர்க்குக்குள்ள. வீட்டுச் சாவிய வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டுன மாதிரி. அதனால ரவுட்டர், ஸ்விட்சுக்குள்ள நேரடியா லாகின் பண்ண வைக்கிற கன்சோல் சர்வருக்கு வேற ஆபரேட்டரோட 4ஜி சிம் போட்டோம், முக்கிய நம்பர்ஸ பிரிண்ட் எடுத்து டிராயர்ல வச்சோம். சென்னைல சிம்ம மட்டும் நம்பவும் முடியாது, 2016 டிசம்பர் வர்தா புயல்ல கரண்டும் போச்சு, செல் டவரும் படுத்துச்சு, அதுனால கோயம்புத்தூர் ஆபீஸ்லயும் அதே டாஷ்போர்டோட ஒரு சின்ன டெஸ்க் போட்டோம்.

ஃபைனான்ஸ்ல இருந்து இப்பவும் கேப்பாங்க, இந்த சிம்முல டேட்டாவே ஓடலையே, கட் பண்ணிரலாமான்னு. மாசாமாசம் அது வழியாவே லாகின் பண்ணிப் பாக்குறத ஷிஃப்ட் செக்லிஸ்ட்ல சேத்துட்டோம், ரீசார்ஜ் தீந்திருந்தா அப்பவே தெரிஞ்சிரும்.