72 காயமும் ஒரு மணி நேர வட்டமும்: ஜான் க்ரூக்ஷாங்க்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானி ஜான் க்ரூக்ஷாங்க் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 72 என்ற எண்ணில்தான் தொடங்குவார்கள். உடம்பில் 72 இடங்களில் காயம். அதில் நுரையீரலில் பட்ட பலத்த காயங்கள் இரண்டு, கால்களைத் துளைத்தவை பத்து. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டபோதைய குறிப்பிலேயே உள்ள கணக்கு அது. ஆனால் காயம் படுவதற்கு வீரம் தேவையில்லை. அதே குறிப்பின் பின்பகுதியைப் படித்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

1920 மே 20 அன்று ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தவர். பள்ளி முடித்து வங்கி வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1939இல் பீரங்கிப் படை, 1941இல் விமானப்படை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பறக்கக் கற்று, 1943இல் 210ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்கு வந்தார். சம்பவம் நடந்த 1944 ஜூலையில் ஷெட்லாண்ட் தீவுகளின் சல்லம் வோ என்ற கடற்கழிதான் அவருடைய தளம்.

ஓட்டியது கேட்டலினா. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் படகு விமானம். (போர்க்காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் ரெட் ஹில்ஸ் ஏரியில் இறங்கிக்கொண்டிருந்ததும் இதே ரகம்தான்.) இறக்கை 104 அடி, 1,200 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு. மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம்தான் வேகம். ஆனால் ஒரே மூச்சில் 18 மணி நேரத்துக்கு மேல் கடல்மேல் சுற்றும். ரோந்துக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. பீரங்கிக்கு எதிரே பறப்பதற்கோ இதைவிட மோசமான வண்டி இல்லை.

1944 ஜூலை 17. நார்வேயின் காஃப்யோர்டில் நின்ற டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து போன விமானங்கள் தாக்கின. புகைத்திரை மறைத்ததில் காரியம் கைகூடவில்லை. அந்தக் கப்பற்படையை நீர்மூழ்கிகள் நெருங்காமல் காப்பதுதான் க்ரூக்ஷாங்கின் ரோந்து. வட நார்வேக்கு மேற்கே, கடல் மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நீர்மூழ்கி கண்ணில் பட்டது.

இப்படி ஒன்றைத் தாக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்ததன் கனம் புரியும். போட வேண்டியது டெப்த் சார்ஜ், அதாவது தண்ணீருக்குள் குறிப்பிட்ட ஆழம் போய் வெடிக்கும் குண்டு. விமானங்களில் வைப்பதை ஏறக்குறைய 25 அடி ஆழத்தில் வெடிக்கும்படி அமைப்பார்கள். நீர்மூழ்கியின் உள்கூட்டிலிருந்து ஏறத்தாழ 20 அடிக்குள் வெடித்தால்தான் பிளக்கும். தள்ளி வெடித்தால் ஆட்டம் காணும், அவ்வளவுதான். ஆகவே குண்டு வரிசை கப்பலின் இரு பக்கமும் விழ வேண்டும். அதற்கு 50 அடி உயரத்துக்கு இறங்கி, நேர்கோட்டில், அசையாமல் அதன் தலைக்கு மேலேயே பறந்தாக வேண்டும். கீழே 37 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் காத்திருக்கும்.

க்ரூக்ஷாங்க் அப்படித்தான் போனார். குண்டுகள் கழன்று விழவில்லை.

முதல் தடவையில் எதிரி தடுமாறியிருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது தடவை எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில் வருவான் என்று துப்பாக்கிக்காரனுக்குத் தெரியும். தெரிந்தே திரும்பினார். நெருங்கும்போது நீர்மூழ்கி சுட்ட குண்டு ஒன்று விமானத்துக்குள்ளேயே வெடித்தது. நேவிகேட்டர், அதாவது வழி கணிப்பவர், அங்கேயே இறந்தார். துணை விமானி ஜாக் கார்னெட்டுக்கும் வேறு இருவருக்கும் காயம். அந்த 72 காயமும் பட்டது இப்போதுதான். க்ரூக்ஷாங்க் நேர்கோட்டிலிருந்து விலகாமல் பறந்து, டெப்த் சார்ஜ்களைத் தானே விடுவித்தார். இரு பக்கமும் சரியாக விழுந்தன, நீர்மூழ்கி மூழ்கியது. அதன்பிறகுதான் மயங்கினார்.

தெளிந்ததும் மறுபடி பொறுப்பை ஏற்று, விமானம் கட்டுக்குள் இருக்கிறதா, தளத்துக்குத் திசை பிடித்தாயிற்றா, வானொலிச் செய்திகள் போயினவா என்று பார்த்த பிறகே காயத்துக்குக் கட்டுப் போட விட்டார். மார்ஃபினை மறுத்துவிட்டார், போட்டால் வலி போகும், கூடவே நிதானமும் போகும். திரும்பும் வழி ஐந்தரை மணி நேரம். பலமுறை நினைவு தப்பியது.

சல்லம் வோவுக்கு வந்தபோது விடியவில்லை. படகு விமானத்தை இருட்டில் இறக்குவது தனி வித்தை. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சில அடி கணக்குத் தப்பினால் மூக்கு குத்தும், இல்லையென்றால் அடிப்பகுதி உடையும். இங்கே அடிப்பகுதி ஏற்கெனவே ஓட்டை. கார்னெட்டுக்கோ காயம், அனுபவமும் குறைவு. ரத்தம் வடிந்துகொண்டிருக்கும் ஒருவர் உடனே இறங்கச் சொல்வதுதான் இயல்பு. க்ரூக்ஷாங்க் தன்னை முன்னால் தூக்கிப்போகச் சொல்லி, துணை விமானி இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, முழுசாக ஒரு மணி நேரம் இறங்க விடவில்லை. மூச்சு விடவே திணறியவர் வெளிச்சமும் அலையும் சரியாகும் வரை கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். இறங்கிய பின்னும் நிறுத்தவிடாமல் கரையில் ஏற்ற வைத்தார். ஆழத்தில் நின்றிருந்தால் விமானம் முழுகிப்போயிருக்கும். ஏறி வந்த மருத்துவர் ரத்தம் ஏற்றிய பிறகே அவரை வெளியே எடுக்க முடிந்தது.

என் கணக்கில் விருது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். தாக்குதல் சில நொடி வேலை, அதில் வேகம் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். காத்திருப்பதற்கு அப்படி எந்தத் துணையும் கிடையாது.

கார்னெட்டுக்கு டிஎஃப்எம் என்ற விமானப்படை வீரப் பதக்கம் கிடைத்தது. பலர் அவரை விட்டுவிடுகிறார்கள், தப்பு. விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்த கை அவருடையது. பிரிட்டனின் கரையோர விமானப் பிரிவில் விக்டோரியா கிராஸ் பெற்ற நால்வரில் உயிரோடு வாங்கியவர் க்ரூக்ஷாங்க் ஒருவரே. 1944 செப்டம்பரில் எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அணிவித்தார். 1946இல் படையை விட்டு வங்கிக்கே திரும்பி, 1977இல் ஓய்வு பெற்று, 2025 ஆகஸ்டில் 105 வயதில் மறைந்தார்.

பழைய நூல்களில் அவர் மூழ்கடித்தது யு-347 என்றிருக்கும். பின்னால் ஆவணங்களை ஒப்பிட்டதில் அது யு-361 என்று திருத்தப்பட்டது. யு-347ஐ அதே நாளில் லிபரேட்டர் என்ற வேறு ரக விமானம் ஒன்று மூழ்கடித்திருந்தது. யு-361இல் இருந்த 52 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.