பத்துக் கேள்விகளும் மாமி கட்டிய நூலும்

எங்கள் மகள் 2024 மாசியில் பிறந்தாள். சிசேரியன், நிறை மூன்று கிலோவுக்கு மேல், பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. வளவில் இருந்த எல்லாருக்கும் சந்தோசம், பெற்றவளைத் தவிர. இதை எழுத எனக்கு ஒன்றரை வருசத்துக்கு மேல் எடுத்தது. மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்ட பேரைப் போடாதீங்க, மற்றதெல்லாம் எழுதுங்க, அந்தக் கட்டுக்காரன்ட கதையையும் விடாதீங்க" என்றாள்.

இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு வளவு பெண்ணின் பெயரில் இருக்கும், மாமியும் மாமாவும் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருப்பார்கள். ஆகவே இது மாமியார் கொடுமைக் கதை இல்லை. சொந்தத் தாய் பக்கத்தில், பிறந்து வளர்ந்த கிணத்தடி, சரக்கு அரைத்த பத்தியக் கறியும் பால்சுறாவும் நேரத்துக்கு நேரம் கட்டிலுக்கே வரும். அப்படியிருந்தும் அவளுக்கு மனச்சோர்வு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்கு, வளர்ந்துவரும் நாடுகளில் ஏறத்தாழ 20 பேருக்கு, ஏதோவொரு மனநலப் பிரச்சினை வருகிறது, அதில் பெரும்பாலும் மனச்சோர்வு. அந்த நேரம் எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிந்திருந்தாலும் என் மனைவியை அதற்குள் சேர்த்திருப்பேனா என்பது வேறு கதை.

முதல் பத்து நாள் அழுதாள். "பிள்ளப்பெத்த உடம்பு, அப்பிடித்தான்" என்றார்கள். அது பிழையான பேச்சும் இல்லை, நிறையப் பேருக்கு முதல் இரண்டு கிழமை அப்படி அழுகை வந்து தானாகப் போய்விடும். இவளுக்குப் போகவில்லை. அழுகை நின்றது, அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். ஏணையில் பிள்ளை கத்தும், இவள் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள். பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, வீடு நிறைய ஆட்கள், என்ன பேர் வைப்போம் என்று மாமா கேட்க, "என்னத்தயாவது வைங்க" என்று எழும்பிப் போய்விட்டாள். அன்று இரவு நான் அவளுக்குச் சொன்னது: "ஆக்கள் முன்னால என்ன மானத்த வாங்குற? சின்னப் பிள்ளையா நீ?" இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சத்துக் குளிசை தந்து, முதல் பிள்ளைதானே, போகப்போகச் சரிவரும் என்று அனுப்பினார்கள். சரி, மருந்தால் முடியாதது என்றுதான் நாங்களும் முடிவு கட்டினோம்.

அடுத்தது கட்டு. தெரியாதவர்களுக்கு: உருவேறி, வந்திருப்பது என்ன, ஏன் வந்தது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் மோட்டார் சைக்கிளில் போகவேண்டிய ஓர் ஊர். அந்த மனுசன் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, தாய்வழியில் கலியாணம் காணாமல் செத்த ஒருத்தி பின்னால் நிற்கிறாள் என்றார். எந்தக் குடும்பத்தில்தான் அப்படி ஒருத்தி இல்லை? ஆனால் மாமிக்கு உடனே ஒரு பெரியம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வெள்ளிக்கிழமை சாமான் வாங்கிக் கழிப்புக் கழித்தோம், எல்லாமாக 38,000 ரூபா. பணம் போனது பரவாயில்லை. பால் கொடுக்கிறவளை வெள்ளிக்கிழமைகளில் பகல் முழுதும் பட்டினி இருக்கச் சொன்னார், இருந்தாள், பால் குறைந்தது, பிள்ளை கத்தியது. மூன்றும் முடிந்து ஒரு மாற்றமும் இல்லை என்று போய்ச் சொன்னபோது அந்தாள் அவளைப் பார்த்து, "நீ மனசு வச்சுச் செய்யல்ல, அதான் பலிக்கல்ல" என்றார். திரும்பி வரும் வழி முழுதும் பின்னால் இருந்து ஒரு சொல் கதைக்கவில்லை. பின்னாளில் சொன்னாள், அதுவரை தனக்குத் தாயாக இருக்கத் தெரியவில்லை என்று மட்டும் நினைத்தாளாம், அன்றைக்குக் கடவுளும் தன்னைத் தள்ளிவிட்டது என்று நினைத்தாளாம்.

எனக்கு மந்திரம், நேர்த்தி, கழிப்பு ஒன்றிலும் பகை இல்லை. அந்த ஒரு வசனத்தை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. பெரியவர்கள் தரும் கைவிசேசக் காசை வாங்கக்கூட கையை நீட்டவில்லை.

கதவைத் திறந்தது எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்தான். இதற்கு முதலும் வந்திருக்கிறார், பிள்ளைக்கு ஒரு மாதம் ஆன நேரம் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவாக்கியது, பத்தே பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, போன ஏழு நாளும் எப்படி இருந்தது என்று. அன்று கட்டில் தலைமாட்டில் மாமி, கதவடியில் நான், சன்னலுக்கு வெளியே மாமா. எல்லாக் கேள்விக்கும் நல்ல விடையாகப் பார்த்துக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டாள். கூட்டினால் பூச்சியம். நாங்களும் சந்தோசப்பட்டோம்.

சித்திரை கடைசியில் மிஸ் மறுபடி வந்து பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டு, பிறகு இவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அம்மா, நீங்க எழும்பி எனக்கு ஒரு தேத்தண்ணி போடுங்க. தம்பி, நீங்க வெளியில நில்லுங்க, கதவைச் சாத்துங்க." மாமிக்குக் கோபம். "நான் பெத்த பிள்ளையோட கதைக்க என்னய ஏன் எழுப்புறா?" நான் கிணத்தடியில் போய் நின்றேன். அரை மணித்தியாலம். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. மிஸ் வெளியே வந்து என்னை வேலியோரம் கூப்பிட்டு, மொத்தப் புள்ளியைச் சொல்லவில்லை, பத்தாவது கேள்வியைத்தான் சொன்னார். தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது அந்தக் கேள்வி. "இடைக்கிடை" என்பதில் கோடு போட்டிருந்தாள்.

அந்த நிமிசம் எனக்குக் காதுக்குள் வண்டு சுற்றியது போல இருந்தது. மிஸ் பதறவில்லை. இன்றிரவு தனியாக விடாதீங்க, பூட்டி வைக்க வேண்டியதைப் பூட்டி வைங்க, நாளைக்கே கூட்டிப் போங்க, இரவில் ஏதும் என்றால் 1926க்கு அடியுங்க, அது தேசிய மனநல உதவி இலக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என் போனில் இலக்கத்தைப் பதியவைத்துவிட்டுத்தான் போனார். அடுத்த நாள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, உளநலப் பிரிவு. "விசர் ஆக்கள்ட வாட்டுக்கா பிள்ளைய கூட்டிப் போறீங்க மருமகன்?" என்று மாமி கடப்படி வரை வந்து அழுதா. நானும் வாசலில் தெரிந்த முகம் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன், மறைக்க என்ன இருக்கிறது.

டொக்டர் முதலில் இரத்தம் எடுக்கச் சொன்னார், ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பார்க்க. அவை சரியில்லாவிட்டாலும் இதே மாதிரி ஆளைப் போட்டுவிடுமாம். பிறகு குளிசை. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியது, பழக்கமாகாது, இன்று எடுத்து நாளைக்குச் சுகம் வராது, சில கிழமை பிடிக்கும், சுகம் வந்ததென்று நீங்களாக நிறுத்தவேண்டாம் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இல்லாத குரல் கேட்டாலோ, பிள்ளையைப் பற்றி விபரீதமாகக் கதைத்தாலோ, தூக்கமே இல்லாமல் பரபரத்துத் திரிந்தாலோ அது வேறு வருத்தம், அதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொன்னார். மாமி கட்டிவிட்ட மஞ்சள் நூல் அவள் கையில் இருந்தது. நான் வெட்கப்பட்டு, கழற்றவா என்று கேட்டேன். "ஏன்? அது அம்மா கட்டினது. அதுவும் இருக்கட்டும், குளிசையும் இருக்கட்டும்" என்றார். என் மனைவி அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

கல்லடிப் பாலம் தாண்டியதும் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னாள். இறங்கி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எனக்கு நெஞ்சு படபடத்தது, அவளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். திரும்பி, "பயப்படாதீங்க, காத்துக்குத்தான் நிண்டனான்" என்றாள். நான் அழுதது அந்த இடத்தில்தான்.

டொக்டர் எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்று, அவள் இரவில் தொடர்ந்து நாலைந்து மணித்தியாலம் தூங்கவேண்டும். நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன், உடனே ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டுவிட்டேன். ஒன்பதில் இருந்து இரண்டு மணி வரை பிள்ளை என்னிடம், அவள் பின்வீட்டில் மாமா மாமியோடு படுப்பாள். கறந்து வைத்த பாலைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கரண்டியால் கொடுக்க மிஸ் பழக்கினார், முதல் இரண்டு நாளும் பாதி என் சாரத்தில்தான். அவள் தூங்கிய நேரம்: ஒன்றரை, இரண்டு, பூச்சியம், ஒன்று, மூன்று. முதல் கிழமை குளிசையால் வயிற்றுப் பிரட்டல் வேறு. பதினெட்டாம் நாள் ஐந்து என்று எழுதினேன், அதன் கீழே இரண்டு கோடு கீறியிருக்கிறேன், ஐந்தொகை சரிவந்த மாதிரி.

ஆன்மீகத்தை விட்டுவிடவில்லை, ஆனால் வீட்டில் ஒரு விதி போட்டோம்: அவளிடம் எதையும் கேட்காத சாமி மட்டும் போதும். விரதம் இல்லை, நேர்த்தி இல்லை, "மனச ஒருமுகப்படுத்து" என்ற பேச்சும் இல்லை. பின்னேரம் விளக்கு வைத்து மாமா தேவாரம் படிப்பார், முன்பு குசினிப் பக்கம் படிப்பவர் இப்போது அவள் படுத்திருக்கும் சன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டார். கேட்டால் கேட்கட்டும், தூங்கினால் தூங்கட்டும். அடுத்த வளவு அக்கா வேதக்காரர். வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து சத்தமில்லாமல் செபமாலையை உருட்டிவிட்டு, போகும்போது பிள்ளையின் துணிகளை அள்ளிக்கொண்டு போய்த் தோய்த்துக் காயவைப்பா. அந்தத் துணி தோய்த்ததும் எங்களுக்குச் செபமாகத்தான் பட்டது.

வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் சடங்கு. வாவிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் எழுவான்கரையில் இது தெரியாத ஆள் இல்லை. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூட்டை ஆற்றுவதற்குத்தான் குளிர்த்தி, பாட்டும் வேப்பிலையும் தண்ணீருமாக. சின்னதில் இருந்து பார்த்திருக்கிறேன், அந்த வருசம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பாட்டில் யாரும் அவளைப் பார்த்து "ஏன் உனக்கு இவ்வளவு கோபம், மனதை அடக்கு" என்று கேட்பதில்லை. குளிர்ந்தருள் என்று மட்டும்தான் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார்கள்.

வரச்சொல்லி நான் கேட்கவில்லை, அவளாகத்தான் வந்தாள். சனத்துக்குள் போகாமல் வெளியே மரத்தடியில் பாயைப் போட்டு இருந்தோம், பிள்ளை மாமியின் மடியில். குளிர்த்தித் தண்ணீர் முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, குளிசை தொடங்கி நாலாவது கிழமை அது. வரும் வழியில் கச்சான் வாங்கினோம். இரண்டு கொட்டையை உடைத்துப் பார்த்தவள் விற்கிற மனுசியிடம், "என்ன கா இது, பாதி வறுபடவே இல்ல, இதுக்கா இந்த விலை?" என்று சண்டைக்குப் போனாள். அந்த மனுசி விட்டுக்கொடுக்கவில்லை, இவளும் விடவில்லை. மாமி என்னைப் பார்த்தா, நான் மாமியைப் பார்த்தேன், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் இன்னும் ஒரு கை அள்ளிப் போடவைத்துத்தான் வந்தாள்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஆனியில் ஒரு கிழமை மறுபடி விழுந்தாள், டொக்டர் குளிசையின் அளவை மாற்றினார். சுகம் வந்த பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் எடுத்து, அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்துத்தான் விட்டோம். மகளின் பேரை அவளே தேர்ந்தாள், துடக்குக் கழிவு நாளில் மாமா ஆசைப்பட்ட பேர் இல்லை, மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் குழந்தை பிறந்தது. மாமி பால்சுறாக் கறி காய்ச்சிக்கொண்டு, மடியில் ஒரு மஞ்சள் நூலையும் செருகிக்கொண்டு போனா. வரப் பிந்திவிட்டது. என்ன மாமி இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"அந்தப் படிவத்தக் கொண்டு மிட்வைஃப் மிஸ் வந்தா மருமகன். தாய்க்காரி தலைமாட்டுல குந்திக்கிட்டு எழும்ப மாட்டன் எண்டிட்டா. மறுகா நான்தான் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கிணத்தடிக்குப் போனன்."