24 மாதத் தடைக்காலம்

எங்கள் பாம்பனில் தடைக்காலம் என்றால் 61 நாட்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வள்ளக்காரர்களுக்கு அந்தத் தடையும் கிடையாது. அப்படிப்பட்ட வள்ளக்காரர் ஒருவரின் மகனாகிய நான், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் 24 மாதங்கள் குடியிருந்தும் குளிக்க ஒரு நாள்கூட அதில் இறங்கவில்லை என்று சொன்னால், ஊரில் யாரும் நம்புவதில்லை.

சென்னையில் படித்தபோது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தேன். மார்மன் சபை என்றால் பலருக்கும் தெரியும். 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவியது. அந்தோணியாரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன் என்று அப்பத்தாவுக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு, அது தனிக்கதை. அந்தச் சபையில் இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் ஒன்றரை ஆண்டும் ஊதியமில்லாமல் ஊழியம் செய்யப் போவது வழக்கம். எந்த ஊர் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பித்தால் அழைப்புக் கடிதத்தில்தான் தெரியவரும். 2023இல் எனக்கு வந்த கடிதத்தில் பிலிப்பைன்ஸின் செபு என்று இருந்தது. "கடல் இருக்கா அங்கே?" என்பதுதான் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி. தீவு என்றேன். அவருக்குப் பாதி நிம்மதி.

மணிலாவில் உள்ள பயிற்சி மையத்தில் சில வாரங்கள் செபுவானோ மொழி கற்றுக்கொண்ட பிறகு, செபு தீவின் வடக்கே ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அந்தப் பட்டையில் 'எல்டர்' என்ற சொல்லுக்குப் பின் குடும்பப்பெயர் வர வேண்டும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் இருந்ததால், இரண்டு ஆண்டுகளும் சின்னக் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லாரும் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். ஊரில் அம்மாகூட உச்சரிக்காத பெயர் அது. முதல் வாரம் யாரோ அப்பாவை அதட்டிக் கூப்பிடுவதைப் போலவே இருந்தது.

காலை 6:30க்கு எழுந்து, அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்து, வேதப் படிப்பும் மொழிப் படிப்பும் முடித்துப் பத்து மணிவாக்கில் தெருவில் இறங்கினால், இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவோம். 10:30க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். டீயும் காப்பியும் சபையில் சேர்ந்த அன்றே போய்விட்டன. சினிமா, தொலைக்காட்சி, காதல் எதுவும் கிடையாது. இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிட்டன. பழகாதவை இரண்டு.

ஒன்று, தனிமை இல்லாமை. ஊழியத் தோழர் என்று ஒருவரை நியமிப்பார்கள். குளியலறையைத் தவிர எங்கும் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்கு மற்றவர் போகக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்ற அறிவிப்பில் தோழரும் மாறலாம், ஊரும் மாறலாம். முதல் தோழர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர். என் மனநிலை சரியில்லாத நாட்களில், அந்த நல்ல மனிதர் சோறு மெல்லும் சத்தம்கூட எனக்கு எரிச்சலூட்டியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று கடல். ஊழியக்காரர்கள் நீந்தக் கூடாது என்பது விதி. எனக்குச் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. தெரியாத ஊரின் தெரியாத நீரில் பிள்ளைகளை இழந்துவிடக் கூடாது என்கிற கவலை. ஐடஹோக்காரருக்கு அது ஒரு விதியாகவே தோன்றவில்லை. அவர் ஊரில் கடலே இல்லை. நானோ நடக்கப் பழகியபோதே நீந்தப் பழகியவன். இருபுறமும் மூங்கில் தாங்கிகள் கட்டிய 'பங்கா' என்னும் படகுகள் விடியலில் கரையேறும்போது, வலையை உதறும் விதத்திலிருந்தே மீன்பாடு எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். கரையில் விரித்துக் காயவைத்த கருவாட்டை அங்கே 'புவாட்' என்பார்கள். அந்த வாடை எனக்குப் பாம்பன் வாடைதான். தோழர் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். மாலையில் சிறுவர்கள் தண்ணீரிலிருந்தபடியே "எல்டர், மலீகோ தா!" என்று கூவுவார்கள். குளிக்கலாம் வாங்க என்று பொருள். சப்பாத்துக்காலோடு மணலில் நின்று கையசைப்பேன்.

கதவைச் சாத்தியவர்கள் அங்கே குறைவு. ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள். வீட்டுக்கு வீடு குழந்தை இயேசு சுரூபம். மதம் மாறப் பெரும்பாலோர் விரும்பவில்லை, ஆனால் உணவு வேளையில் வாசலைக் கடந்தால் "காவோன் தா" என்று எல்லாரும் அழைத்தார்கள். சாப்பிடலாம் வாங்க என்பதுதான் அது. தென்னங்குருத்தோலைப் பின்னலுக்குள் வேகவைத்த சோற்றைப் பிளந்து, கருவாட்டோடு கையாலேயே சாப்பிட்ட நாட்களில், வேற்றூரில் இருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை ஆயத்த நாள்: துணி துவைக்க, முடி வெட்ட, சந்தைக்குப் போக, வீட்டோடு பேச. 2019க்கு முன் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டாரோடு பேச முடியுமாம். எங்கள் காலத்தில் வாரம் ஒருமுறை. அப்பத்தா வாரந்தோறும் தவறாமல் "கடல்ல குளிச்சியாய்யா?" என்று கேட்பார். இல்லை என்றால், "சாமிக்கு ஊழியம் பண்ணப்போன பிள்ளையைத் தண்ணி என்ன செய்யும்?" என்பார். பதில் சொல்லத் தெரியாமல் இந்த வாரம் என்ன மீன் என்று பேச்சை மாற்றுவேன்.

ஒரே ஒருமுறை இறங்கினேன். எங்களிடம் பாடம் கேட்டு வந்த ஒரு வயதான மீனவர் ஞானஸ்நானம் பெற விரும்பினார். அந்த ஊரில் அதற்கான தொட்டி இல்லை. அனுமதி பெற்றுக் கடலிலேயே நடத்தினோம். இருவரும் வெள்ளை உடையில் இடுப்பளவு நீருக்கு நடந்தோம். வலக்கையை உயர்த்தி, ஜெபத்தைச் சொல் பிசகாமல் செபுவானோவில் சொல்லி, அவரை முழுவதுமாக நீருக்குள் அமிழ்த்த வேண்டும். உடலில் ஒரு பகுதி வெளியே தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும் என்பதால் சாட்சிகள் இருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பது ஆண்டுகள் மிதந்தே பழகிய உடம்பு அமிழ மறுத்தது. முதல் முறை கால்விரல்கள் மேலே வந்துவிட்டன. இரண்டாம் முறை முழங்கால். மூன்றாம் முறை நானும் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அலை வந்து வேலையை முடித்துக்கொடுத்தது. அவர் கரையேறிய பிறகு இரண்டு நொடிகள் கூடுதலாக அங்கேயே நின்றேன். காலடியில் மணல் அரித்துப் போவது பாம்பனில் போலவே இருந்தது. தோழர் கரையிலிருந்து என் பெயரை, அதாவது அப்பாவின் பெயரை, சொல்லிக் கூப்பிட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

2025 ஜூன் தொடக்கத்தில் சென்னையில் ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்டுப் பெயர்ப்பட்டையைக் கழற்றினேன். நான் கிளம்பியபோது பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றிருந்தது. திரும்பியபோது புதிய பாலத்தின்மேல் ரயில் மெல்ல ஊர்ந்தது. தடைக்காலம் முடியாததால் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரமிட்டுக் கிடந்தன. வீட்டில் பையை வைத்துவிட்டுக் கைலிக்கு மாறி வாசலுக்கு வந்தபோது அப்பத்தா தடுத்தார். தென்கடலில் கச்சான் காற்று அடிக்கிறது, அந்தப் பக்கம் இறங்காதே, வடகடலுக்குப் போ என்றார். சரி என்று இரண்டடி வைத்திருப்பேன். தனியாகவா போகிறாய் என்று கேட்டு, திண்ணையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்த சித்தப்பா மகனை எழுப்பி என்னோடு அனுப்பிவைத்தார்.