தரங்கம்பாடி: ஓர் இரவு தங்குங்கள், சாப்பாட்டை முன்பே யோசியுங்கள்

திருக்கடையூரில் அபிராமியைத் தரிசித்துவிட்டுத் திருநள்ளாற்றுக்குப் போகிற வழியில், ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று வண்டியைத் திருப்பி, கோட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஓர் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவதுதான் தரங்கம்பாடியைப் பார்க்கிற பெரும்பாலோரின் வழக்கம். அப்படிப் பார்ப்பவர்கள் "அங்கே ஒன்றுமில்லை, சாப்பிடக்கூட நல்ல இடமில்லை" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிய அவர்களுடைய குறையில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஓர் இரவு தங்கி, எந்த வேளைக்கு எங்கே சாப்பிடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், சோழமண்டலக் கடற்கரையில் இவ்வளவு நிம்மதியான சிற்றூர் வேறொன்று கிடைப்பது அரிது.

அருகிலுள்ள பெரிய ரயில் நிலையம் மயிலாடுதுறை. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பேருந்திலோ வாடகைக் காரிலோ வர வேண்டும். 1926இல் தொடங்கிய மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் பாதையை 1986இல் மூடிவிட்டார்கள். அது இன்றும் ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஊரின் கதையே வேறாக இருந்திருக்கும். சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால், நாகப்பட்டினம் செல்லும் பேருந்துகளில் வருகிறவர்கள் பொறையாறு நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோவில் வந்துவிடலாம்.

பிரதான சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பியதும் வெள்ளையடித்த பெரிய வாயில் ஒன்று வரும். 1792இல் டேனியர், அதாவது டென்மார்க் நாட்டவர், கட்டியது. அதற்குள் நுழைந்ததும் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்குவதே முறை, ஏனென்றால் வாயிலிலிருந்து கடல் வரை உள்ள அந்த நேர்த்தெருவும் அதன் கிளைத் தெருக்களும்தான் இந்த ஊர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ் கப்பற்படைத் தளபதி ஓவே கெட்டே இங்கே கோட்டை எழுப்பினார். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் டேனியர் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அதன்பின் வணிகம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட, தரங்கம்பாடி வளராமல் நின்றது. இன்றைக்கு நமக்குப் பிடித்துப்போகிற அமைதி அந்த வீழ்ச்சியிலிருந்து வந்ததுதான்.

தெருவில் எதிரெதிரே இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. 1701இல் கட்டிய சீயோன் ஆலயம் டேனியர் தங்களுக்கென்று எழுப்பிக்கொண்டது. 1718இல் திறந்த புதிய எருசலேம் ஆலயம், கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காகக் கட்டியது. அதன் முகப்பில் டென்மார்க்கின் நான்காம் பிரெடரிக் மன்னரின் முடிசூடிய முத்திரை இருக்கிறது. ஆலயம் திறந்த மறு ஆண்டே இறந்துபோன சீகன்பால்குவின் கல்லறை பலிபீடத்துக்கு முன்னால், உள்ளேயே இருக்கிறது. 1706இல் வந்திறங்கிய இந்த ஜெர்மானியர் தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். "இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான்" என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை. கோவாவில் அச்சகம் வந்தது 1556இல், தமிழ் நூல் கொல்லத்தில் அச்சேறியது 1578இல். தரங்கம்பாடியின் பெருமைக்கு அந்த மிகைப்படுத்தல் தேவையே இல்லை. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை இப்போது அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தைவிட அதற்கே நான் அதிக நேரம் கொடுப்பேன்.

கோட்டையை நண்பகல் வெயிலில் பார்க்காதீர்கள். காலையில் திறந்தவுடன் போனால் கீழ்த்தளத்துச் சரக்கறைகளையும் சிறையறைகளையும் கூட்டமின்றிப் பார்த்துவிட்டு, மேல்தளத்தில் காற்று வாங்கியபடி நிற்கலாம். அதற்கும் முன்பாக, விடியற்காலையில் போக வேண்டிய இடம் கோட்டைக்கு வடக்கே அலையோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த இக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விட்டது. எஞ்சிய பகுதியோடு சேர்த்து அண்மைக்காலத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். புதிய கட்டடம் பழையதோடு ஒட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் வழிபாடு நடக்கிற கோயிலை இடிபாடாகவே வைத்திருங்கள் என்று ஊராரிடம் சொல்ல, படம் எடுக்க வருகிற நமக்கு உரிமையில்லை.

கடலில் இறங்கிக் குளிக்கும் எண்ணத்தோடு வருகிறவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. கரை நெடுகிலும் பல இடங்களில் அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள், அலையும் இழுக்கும். 2004 ஆழிப்பேரலையில் பெரும் உயிரிழப்பைக் கண்ட கரை இது. மீனவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால் அதற்கு மேல் வாதிடாதீர்கள். இன்னொன்று, இங்கே காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்ற பேச்சை எல்லோரிடமும் கேட்பீர்கள். தரைமட்டத்து ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதே அறிவியல், ஆகவே கடற்காற்று நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இனிச் சாப்பாடு. ஊருக்குள் கடைகள் குறைவு. கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய ஆங்கிலேயக் கலெக்டர் பங்களாவைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். அதுபோன்ற இடங்களில் தங்காதவர்களும் சாப்பிட முடியுமா என்று தொலைபேசியில் கேட்டு, காலையிலேயே மதிய உணவைச் சொல்லிவைத்துவிட வேண்டும். கூட்டம் குறைவான ஊராதலால் எதையும் சமைத்து அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் வராந்தாவில் அலைகளைப் பார்த்தபடி சாப்பிடுவதற்கு ஒருமுறை கொடுக்கலாம். அவ்வளவு செலவழிக்க விரும்பாதவர்களுக்குப் பிரதான சாலையோரத்திலும் பொறையாற்றிலும் உள்ள சிறு மெஸ்களே போதும். மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். இரண்டரை மணிக்குப் போனால் குழம்பு இருக்கும், அதில் மீன் இருக்காது.

மீனைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது முக்கியம். "மீன் வறுவல்" என்று பொதுவாகக் கேட்டால் வெளியூர்க்காரர் என்று வஞ்சிரத்தை நீட்டுவார்கள். வஞ்சிரம் நல்ல மீன்தான், ஆனால் அது சென்னையிலும் கிடைக்கும். இங்கே வந்து கேட்க வேண்டியது அன்றைக்குக் கரைக்கு வந்த சங்கராவோ, கிழங்கானோ, நெத்திலியோதான். நெத்திலியை மொறுமொறுப்பாக வறுத்து ரசம் சாதத்தோடு சாப்பிட்டால் வேறு கூட்டு தேவைப்படாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அந்த நாட்களில் சிறு படகுகள் கரையோரத்தில் பிடித்து வருவது மட்டுமே புதிய மீன். அளவு குறைவு, விலை அதிகம், பெரிய மீனாகத் தட்டில் வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்தது. புரட்டாசியில் இதற்கு நேர்மாறாகப் பல வீடுகளில் கவுச்சி இல்லாததால் சந்தையில் விலை இறங்கும். கொள்கை தடுக்காதவர்களுக்கு அது நல்ல மாதம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஊரிலேயே காத்திருக்காதீர்கள். பொறையாற்றில் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன, பசிக்குக் குறைவில்லை. ஆனால் தெற்கே அரை மணி நேரத்தில் காரைக்கால் இருக்கும்போது நான் அங்கேதான் போவேன். அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக் கடற்கரை மாலையில் குடும்பங்களால் நிறைந்திருக்கும். நாகூர், காரைக்கால் பக்கத்து இஸ்லாமியர் சமையலின் சிறப்புகளில் ஒன்றான வாடாவை இங்கே தேடிச் சாப்பிடுங்கள். அரிசி மாவில் வெங்காயமும் இறாலும் சேர்த்து எண்ணெயில் பொரிப்பது. வடை என்று நினைத்துக் கடித்தால் ஏமாற்றமும் வியப்பும் சேர்ந்தே வரும். சூடு ஆறினால் ரப்பர்போல இழுக்கும் என்பதால் சட்டியிலிருந்து எடுத்ததும் வாங்குவது அவசியம். இனிப்புக்கு ரவையில் முட்டையும் நெய்யும் சேர்த்துச் செய்கிற தம்ரூட் நாகூரில் நன்றாக இருக்கும். தர்காவுக்குப் போகிறவர்கள் தவறவிட வேண்டாம். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி, மது மலிவு. வார இறுதி இரவுகளில் எல்லைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எதிரே வருகிறவரின் நிதானத்தை நம்பிப் போகக் கூடாது.

சைவச் சாப்பாட்டுக்குத் திருக்கடையூர்தான். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஆண்டு முழுவதும் நடக்கிற ஊராகையால் சைவ ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை, இலைச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும். முகூர்த்த நாட்களில் மட்டும் இடம் பிடிப்பது சிரமம்.

வருவதற்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும், படகுகள் கரையிலேயே கிடக்கும், மீனுக்கும் வழியில்லை. மறுநாள் நேரம் இருந்தால் வடக்கே பூம்புகார் வரை போய்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்க்கலாம். ரயிலில் திரும்புகிறவர்கள் மயிலாடுதுறைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வந்துவிட்டால், காளியாக்குடி ஓட்டலில் டிபனும் காப்பியும் முடித்துக்கொண்டு வண்டியேறலாம்.